ஒரு 'கூடாது' காணவில்லை

திருடன் பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

நூர் முகமது அந்தப் பித்தளைப் பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. புங்கங்குளத்துக் கரையில் இரண்டு இரும்புக் கம்பங்கள் நின்றன. முந்தாநாள் வரை அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் போர்டு இருந்தது. இப்போது அந்த இடத்தில் குளமும் நாலைந்து கொக்கும்தான் தெரிந்தன. போர்டைப் பிணைத்திருந்த சங்கிலி மட்டும் ஒரு கம்பத்தின் வளையத்தில் சுற்றி, ஒழுங்காகப் பூட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, என் சர்வீஸ்ல எத்தனையோ திருடனைப் பார்த்துட்டேன். சாமானை எடுத்துட்டு வீட்டையும் பத்திரமா பூட்டிட்டுப் போறவனை இப்பத்தான் பாக்குறேன். இம்புட்டுப் பொறுப்பான ஆளை நம்ம ஆபீசுக்கு வாட்ச்மேனா போட்டுரலாம்."

"உன் சர்வீஸே ரெண்டு வருஷந்தான்டா" என்றாள் கிளாரா. கண் பூட்டை விட்டு நகரவில்லை.

கிளாராவுக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நாகல் நகரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் நிலையம் திறந்தவள். எரிந்த கடையைக் காட்டினால் எரித்தவனைக் காட்டுவாள் என்று திண்டுக்கல்லில் பேர். நூர் அவளுடைய உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுகிறவன், அவள் பேசாத நேரத்துக்கும் சேர்த்துப் பேசுகிறவன்.

அவர்களைக் கூப்பிட்டு வந்து வரப்பில் நின்ற நாகஜோதிக்கு இவர்கள் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குளத்தை ஒட்டிய மல்லிகைத் தோட்டம் அவளுடையது. புருஷன் போன பிறகு அவளையும் பள்ளிக்கூடம் போகிற மகளையும் காப்பாற்றுவது அந்தத் தோட்டம்தான். இன்று மதியம் மூன்று மணிக்குப் பத்திர ஆபீசில் அதை அவள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஜெயில் என்று மிரட்டியிருந்தார்கள்.

"நான் எடுக்கல மேடம். எம் மக மேல சத்தியமா நான் எடுக்கல" என்றாள்.

"யாரு சொன்னா நீதான் எடுத்தேன்னு?"

"ஊரே சொல்லுது. விடியக்காலம் பூப் பறிக்க இந்தப் பக்கம் வாரது நான் ஒருத்திதான். சுத்தியுள்ளவுக எல்லாம் அந்த ஓட்டல் முதலாளி பழனிக்குமாருக்கு வித்துட்டுப் போயிட்டாக. நேத்து அவரே வந்தாரு. 'அரசாங்க போர்டைத் திருடுனா ஜாமீன் கூடக் கிடைக்காதுங்க. நாளைக்கு நிலத்தை எழுதிக் குடுத்துருங்க, புகார் வராம நான் பார்த்துக்கறேன்'னு தன்மையாத்தான் சொன்னாரு."

"தன்மையா கழுத்தறுக்கிறவங்கதான் அக்கா ஆபத்து" என்றான் நூர். "கத்தி மேல சந்தனம் தடவி வச்சிருப்பாங்க."

கிளாரா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடினான்.

"போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

நாகஜோதி தன் போனை நீட்டினாள். மகள் சீருடையோடு போர்டுக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே பச்சை நிறத்தில் கொட்டை எழுத்துகள். கிளாரா வாய்விட்டுப் படித்தாள்.

"அரசு நீடித்த சுற்றுலாப் பெருந்திட்டம். பசுமைப் பகுதி. இங்கு கட்டடம் கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. ஆழ்துளைக் குழாய் போடக் கூடாது. மீறுவோர் தண்டிக்கப்படுவர்."

"கிணறே வெட்டக் கூடாதுன்னா வெள்ளாமை ஏது? அந்தப் பயத்துலதான் எல்லாரும் வந்த விலைக்குக் குடுத்தாக" என்றாள் நாகஜோதி. "எனக்கு ஏற்கெனவே கிணறு இருக்கு. குளத்து ஓரம் கட்டடம் வராதுன்னா நல்லதுதானேன்னு நான் சந்தோசமா இருந்தேன். போர்டு எனக்குக் காவல் மாதிரி. அதைப் போயி நான் திருடுவனா?"

"கட்டடம் கட்ட முடியாத நிலத்தை ஓட்டல் முதலாளி எதுக்கு வாங்குறாரு?" நூருக்கு வாய் பொறுக்கவில்லை.

"மரம் நடப் போறாராம் தம்பி. தாடிக்கொம்பு பெருமாளைச் சேவிக்க வாரவுக நிழல்ல உக்காருவாகளாம். எம் பூமி நடுவுல இருக்கு. ரோட்டுல இருந்து உள்ள போற வண்டிப்பாதையும் எம் பட்டாவுலதான் போகுது. அதுனாலதான் என்னைய விட மாட்டேங்கிறாரு."

கிளாரா குனிந்து பூட்டின் அடிப்புறத்தைத் திருப்பினாள். அதில் உளியால் குத்திய ஒரு சிறிய 3 தெரிந்தது. அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நூருக்கு அந்த அசைவு தெரியும். அக்காவுக்குப் பசி எடுத்தாலும் வழி கிடைத்தாலும் அப்படித்தான் அசையும்.

"நூரு, இந்தப் பூட்டு ஊர்ல பொறந்தவன்தானே நீ? திருடன் சங்கிலியை அறுக்கல. பூட்டை உடைக்கல. சாவி போட்டுத் திறந்து, போர்டை எடுத்துட்டு, காலிச் சங்கிலியை மறுபடி பூட்டியிருக்கான். ஏன்?"

"பைத்தியமா இருக்கணும்."

"இல்ல, சொந்தக்காரனா இருக்கணும். ஊரான் வீட்டுப் பூட்டா இருந்தா கழட்டிக் குளத்துல வீசியிருப்பான். தன் பூட்டைத் திறந்து தொங்கவிட்டுப் போக எவனுக்காவது மனசு வருமா? கை தானாப் பூட்டும்."

நூர் பூட்டை இன்னொரு தடவை பார்த்தான். "அப்ப போர்டை வச்சவனே எடுத்திருக்கான்! அது சரிக்கா, வச்சது அரசாங்கமாச்சே. அரசாங்கம் தன் வீட்டுலயே திருடுமா? அதுக்கு எதுக்கு ராத்திரி வரணும், பகல்லயே செய்யலாமே."

"வச்சது அரசாங்கம்னு உனக்கு யாரு சொன்னா?"

"போர்டே சொல்லுதுல்ல?"

"போர்டு சொல்லும். எழுதுனவன் சொல்றதை எல்லாம் சொல்லும்." கிளாரா சங்கிலியையும் பூட்டையும் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டாள். "ஆக்ஸா பிளேடு வாங்கிட்டு வா. சங்கிலியை அறுத்துப் பூட்டை எடு. நாகஜோதி, நீ வீட்டுக்குப் போ. நான் வார வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

நாகஜோதி தலையாட்டினாள். மூன்று மணிக்குள் வந்துவிடுவீர்கள்தானே என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூர் நிச்சயம் சத்தியம் செய்து கொடுத்திருப்பான்.

*

நாகல் நகரில் ஆண்டனிராஜின் பூட்டுக் கடைக்கு முன்னால் நூர் ஸ்கூட்டரை நிறுத்தினான். ஆண்டனிராஜ் பூட்டைப் பார்த்தார், நூரைப் பார்த்தார்.

"ஏலே, எந்த வீட்டுதுடா இது?"

"வீடு இல்ல மாமா, குளம். திறந்து குடுங்க. சாவி வேணாம்."

"அடியில நம்பர் இருக்கு. ஒரே சாவிக்கு நாலஞ்சு பூட்டா செஞ்சு வாங்கிட்டுப் போவானுக. கேட்டுக்கு ஒண்ணு, குடோனுக்கு ஒண்ணு. சாவிக்கொத்தைச் சுமக்கச் சோம்பேறித்தனம்." ஆண்டனிராஜ் ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆட்டினார். பூட்டு வாயைப் பிளந்தது. "அமுக்குனா பூட்டிக்கும். எவன் கிட்டயாவது என் பேரைச் சொன்னே, உன் வாயில தொங்கவிடுவேன்."

வெளியே வந்ததும் நூர் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "மூணாம் நம்பர் நம்ம கையில இருக்கு. ஒண்ணும் ரெண்டும் எங்கயோ தொங்குது. திண்டுக்கல்லுல ஒரு பூட்டைத் தேடுறது கடல்ல உப்பைத் தேடுற மாதிரி அக்கா."

"ஊரெல்லாம் தேட வேண்டாம். முதல்ல அந்தப் பெருந்திட்டத்தை எழுதுனவரைப் பார்ப்போம்."

*

கிறிஸ்துராஜ் ஓய்வுபெற்ற பேராசிரியர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் வீடு. சுற்றுலாப் பெருந்திட்டத்தை எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவர். குளம் குளமாக நடந்து, பறவைகளைப் பார்த்து, கோவிலுக்கு வருகிறவர்களிடம் பேசி இரண்டு வருடம் உழைத்திருந்தார். போனில் இருந்த போர்டைக் கண்டதும் முதலில் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிப் போனது.

"இது எங்க திட்டம் இல்லம்மா."

"பேரு அதேதான் சார்" என்றாள் கிளாரா.

"பேரு அது. வார்த்தை அது இல்ல. எங்க திட்டத்துல எந்தப் பக்கத்துலயும் 'கூடாது'ங்கிற சொல்லே கிடையாது. 'கட்டுமானத்தைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது'. அம்புட்டுத்தான். கிணத்தைப் பத்தி நாங்க பேசவே இல்ல. போர்டும் வைக்கல. சுற்றுலாத் துறையும் வைக்கல, எனக்குத் தெரியும்."

"விரும்பத்தக்கதுன்னா?" என்றான் நூர். "யாரு விரும்பணும்?"

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "யாரு வேணாலும் விரும்பலாம் தம்பி. விரும்பாமலும் இருக்கலாம். பெருந்திட்டம்னா சட்டம் இல்ல, பரிந்துரை. அதைச் சட்டத்துக்குக் கீழ கொண்டு வந்து, அரசிதழ்ல போட்டு, கட்டட அனுமதி குடுக்கிறவங்க கையைக் கட்டுனாத்தான் அதுக்குப் பல்லு முளைக்கும். அந்த அடுத்த அடியை யாரும் எடுத்து வைக்கல. புத்தகம் போட்டு, விழா வச்சு, எனக்குச் சால்வை போர்த்தினாங்க. முடிஞ்சுது."

"புரியுது சார். டாக்டர் இனிப்பைக் குறைச்சா நல்லதுன்னு சொல்றாரு. அதுக்காகப் போலீஸ் வந்து நம்ம கையில இருக்கிற மைசூர்பாகைப் பிடுங்காது."

"அதேதான்" என்றார் கிறிஸ்துராஜ். "வரைபடத்துல அந்தக் குளத்துக்கு நான்தான் பச்சை பூசினேன். பச்சை பூசிட்டா பத்திரமா இருக்கும்னு நம்புனேன்."

நூருக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நல்ல மனிதர் ஒருவர் இரண்டு வருடம் உழைத்து எழுதிய புத்தகம் ஒரு கொசுவைக்கூடத் தடுக்காது என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்பது கொடுமை.

கிளாரா விடவில்லை. "முதல்லயே 'விரும்பத்தக்கது'ன்னுதான் எழுதினீங்களா சார்?"

கிறிஸ்துராஜ் நிமிர்ந்தார். "இல்ல. முதல் வரைவுல 'கூடாது'ன்னுதான் இருந்துச்சு. கருத்துக்கேட்புக் கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு, 'இத்தனை கடுமை எதுக்குங்க, யோசனை சொல்ற புத்தகத்துல கட்டளை போடலாமுங்களா'ன்னு ரொம்பப் பணிவாக் கேட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. வார்த்தையை மாத்தினோம்."

"அந்தப் பணிவான மனுசன் யாரு சார்?" கேட்கும்போதே நூருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ஓட்டல்காரங்க சார்பா வந்திருந்தாரு. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பழனிக்குமார்."

நூர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அக்கா..." நூரின் குரல் உயர்ந்தது. "புத்தகத்துல இருந்த 'கூடாது'வைத் திருடிட்டுப் போயி குளத்தங்கரையில நட்டிருக்கான்! அவனுக்கு மட்டும் 'கூடும்'. ஊருக்கெல்லாம் 'கூடாது'!"

"ஊரைப் பயமுறுத்தி நிலத்தை வாங்குற வரைக்கும் அந்தப் போர்டு வேணும்" என்றாள் கிளாரா. "வாங்கி முடியிற நேரத்துல அது அவனுக்கே இடைஞ்சல். ரிசார்ட் கட்டுறப்ப அவன் வச்ச போர்டே அவனுக்கு எதிரா நிக்கும். அதனால எடுத்துட்டான். எடுத்த பழியை விக்காம இருந்தவ தலையில போட்டான். ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்."

"போலீசுக்குப் போவோம்!"

"போயி? வார்த்தையைத் திருடிட்டான்னா? கையில இருக்கிறது ஒரு பூட்டு. அதை அவனே திறக்கணும்."

கிறிஸ்துராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "நானும் வாரேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்ல? அந்தக் கூட்டத்துல வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்காவது எந்திரிச்சு நிக்கிறேன்."

*

தாடிக்கொம்பு சாலையில் பழனிக்குமாரின் அலுவலகம். இரும்புக் கேட் திறந்திருந்தது. பகலில் பூட்டுக்கு வேலை இல்லாததால் அது கொண்டியில் திறந்தபடி சும்மா தொங்கியது. உள்ளே வெள்ளைக் கார் நின்றது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான்.

நூர் தெரு ஓரமாகச் சென்று அந்தப் பூட்டின் அடியைத் தடவிப் பார்த்தான். விரலில் ஒரு கோடு தட்டுப்பட்டது. 1.

திரும்பிக் கிளாராவைப் பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். நூர் ஒன்றாம் நம்பரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். ஓசைப்படாமல் கேட்டைச் சாத்தினான். குளத்தங்கரைப் பூட்டைக் கொண்டியில் மாட்டி அமுக்கினான். பிறகு எதிர்ப்பக்கக் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் கிளாராவோடும் கிறிஸ்துராஜோடும் போய் நின்றான். யோசித்துப் பார்த்தால் இது ஒரு மனிதனை அவன் ஆபீசுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற வேலை. அதற்கு என்ன தண்டனை என்று அக்காவிடம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பழனிக்குமார் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, காதில் போன். கேட்டருகே வந்தவன் நின்றான்.

"ஏனுங்க, யாருங்க கேட்டைப் பூட்டுனது?"

சலித்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். பேச்சை நிறுத்தவில்லை. கம்பிக்கு வெளியே கையை விட்டுச் சாவியைத் திருகினான்.

பூட்டு திறந்தது.

வெளியே வந்து வாட்ச்மேனைத் தேடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஆளைக் காணோம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கேட்டைச் சாத்தி, பூட்டை மாட்டி அமுக்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கை தானாகச் செய்தது.

"அண்ணே" என்று கரும்புச்சாறு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். "உங்க பூட்டு என் பையில இருக்கு. நீங்க இப்பத் திறந்தது யாரு பூட்டு?"

பழனிக்குமார் போனை இறக்கினான். பூட்டைத் திருப்பிப் பார்த்தான். அடியில் இருந்த மூன்று அவனைப் பார்த்தது.

கிளாரா போனில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தாமலே கேட்டாள். "புங்கங்குளத்துப் போர்டைக் கட்டியிருந்த பூட்டு. போர்டு யாருது பழனிக்குமார்? அரசாங்கத்துதுன்னா சாவி உங்க இடுப்புக்கு எப்படி வந்துச்சு? உங்களுதுன்னா, அரசாங்கத்துப் பேரைப் போட்டு ஊரை ஏமாத்தியிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பழனிக்குமார் கிறிஸ்துராஜைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவிப்பான் என்று நூர் எதிர்பார்த்தான். அவனோ புன்னகை செய்தான்.

"என்ற போர்டுதானுங்க. ஆர்வக்கோளாறுல வெச்சுட்டேன். நல்ல விஷயந்தானுங்களே எழுதியிருந்துது? அதுக்கு ஒரு கேஸ் போடுவீங்க, போடுங்க, பார்த்துக்கலாம். கட்டறதுக்கு மட்டும் உங்களால ஆவறது ஒண்ணுமில்லீங்க. சாரையே கேளுங்க, அவரு புத்தகம் என்னைத் தடுக்குமுங்களா?"

கிறிஸ்துராஜ் தலையைத் தொங்கப்போட்டார்.

"நிலம் வேணுமே. வண்டிப்பாதை நாகஜோதி பட்டாவுல இருக்கு" என்றாள் கிளாரா. "மூணு மணிக்கு இந்த வீடியோவை அவகிட்டக் காட்டுவேன்."

"மூணு மணியா?" பழனிக்குமாருக்கு உண்மையிலேயே வருத்தம் போலக் குரல் தணிந்தது. "டோக்கன் நேரத்தை முன்னாடியே மாத்தியாச்சுங்களே. என்ற மேனேஜர் சிவபிரகாஷ் பேருலதான் பத்திரம். அவன் கார்ல போயி அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டான். இந்நேரம் ரேகை வெச்சிருப்பாங்க."

கிளாரா நாகஜோதிக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப் என்றது.

நூர் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தான்.

*

திண்டுக்கல்லில் மதிய நேரத்தில் வண்டி ஓட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பிரியாணிக் கடை வாசல்களில் பாதித் தெரு நிற்கும், மீதித் தெருவில் டவுன் பஸ் நிற்கும். நூரிடம் பொறுமை கொஞ்சமும் மிச்சமில்லை. பின்னால் உட்கார்ந்த கிளாரா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். காலையில் வரப்பில் நின்ற அந்த முகம் அவனுக்குக் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒரு பொய்க்குப் பயந்து அந்த மனுசி தோட்டத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த வீடியோவைக் காட்டி என்ன பிரயோசனம்? கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டு முடிகிறபோது குளத்தைச் சுற்றி நீச்சல்குளம் இருக்கும்.

பத்திர ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினான். உள்ளறைக் கதவில் உதவியாளர் குறுக்கே நின்றார்.

"டோக்கன் இருக்கா?"

"உசுரு இருக்குண்ணே, விடுங்க!"

"டோக்கன் உள்ளவங்கதான் உள்ள போகலாம்."

அவர் தோளுக்கு மேலே நூர் எட்டிப் பார்த்தான். சார்பதிவாளர் மேசைக்கு முன்னால் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டை கட்டிய சிவபிரகாஷ் நின்றான். ரேகை எடுக்கிற சின்னக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. நாகஜோதி கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முழுக்கதையையும் சொல்ல நேரம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நூர் முகமது சுருக்கமாகப் பேசினான்.

"ஜோதியக்கா! அது அரசாங்க போர்டு இல்ல! அவன் போர்டு! அவன் சாவிதான் திறந்துச்சு!"

அறையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "யாருய்யா அது? வெளிய அனுப்புங்க!" என்று சார்பதிவாளர் சத்தம் போட்டார். உதவியாளர் நூரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சிவபிரகாஷ் குனிந்து, "பைத்தியம்மா. நீங்க விரலை வைங்க" என்றான்.

நாகஜோதி விரலை வைக்கவில்லை. தலைப்பிலிருந்து எடுக்கவும் இல்லை. கதவருகே இழுபட்டுக்கொண்டிருந்த நூரைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற கிளாராவைப் பார்த்தாள். கிளாரா 'ஆமாம்' என்று ஒருமுறை தலையசைத்தாள்.

சார்பதிவாளருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்று கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "ஏம்மா, யாரோட வற்புறுத்தலும் இல்லையே? உங்க முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களா?"

நாகஜோதியின் உதடு நடுங்கியது. "சம்மதம் இல்லங்கய்யா" என்றாள். பிறகு, தனக்கே கேட்கட்டும் என்பது போல, "மாட்டேன்" என்றாள்.

சார்பதிவாளர் பத்திரக் கட்டை அப்படியே ஓரமாகத் தள்ளினார். "அடுத்த டோக்கன்."

நூர் உதவியாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த மனிதர் எதற்கென்று தெரியாமலே குலுக்கினார்.

*

வெளியே பத்திர எழுத்தர்களின் பந்தலுக்குக் கீழே நாகஜோதியை உட்கார வைத்து வீடியோவைக் காட்டினார்கள். பூட்டு திறந்த இடம் வந்தபோது அவள் அழ ஆரம்பித்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த பயம் அழுகையாக வெளியேறியது. நூர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்று சொல்லலாம் என்று பார்த்தான், யாரும் கேட்கவில்லை.

ஆட்டோவில் கிறிஸ்துராஜ் வந்து இறங்கினார். அவர்தான் திட்டத்தை எழுதியவர் என்று கிளாரா சொன்னதும் நாகஜோதி சட்டென்று எழுந்து நின்றாள்.

"சாரு, அந்தப் போர்டு பொய்யின்னா போகட்டும். உங்க புத்தகம் நெசந்தானே? அதுல எங்க குளம் பச்சையாத்தானே இருக்கு? அது எங்களைக் காப்பாத்தும்ல?"

பொய் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கிறிஸ்துராஜ் சொல்லவில்லை. "காப்பாத்தாதும்மா. அது நாங்க சொன்ன ஆசை. யாரையும் கட்டுப்படுத்தாது. அது சட்டமாகணும்னு இனிமே நான் படி ஏறுறேன். எப்ப ஆகும்னு எனக்கே தெரியாது."

"அதுவரைக்கும்?"

பெரியவர் கிளாராவைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் அவனைக் கட்டுப்படுத்துற வார்த்தை இந்த ஜில்லாவுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள் கிளாரா. "செத்த நேரம் முன்னாடி உள்ள நீ சொன்னியே, அது. பாதை உன் பேருல இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல் உள்ள போகாது."

நாகஜோதி அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கார் வந்து நின்றது. பழனிக்குமார் இறங்கினான். கோபத்தின் சாயல்கூட இல்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான்.

"ஏனுங்கம்மா, ஏதோ மனச்சங்கடமாப் போச்சுங்களாட்ட இருக்குது. நடந்ததை விடுங்க. நிழல்ல உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க. பேசி முடிச்சுக்கலாமுங்களா?"

நூர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிளாரா அவன் கையை அழுத்தினாள். நாகஜோதி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள். இந்தத் தடவை உதடு நடுங்கவில்லை. "நாளைக்கு வந்து கேட்டாலும் மாட்டேன்."